பறப்பதற்கு முன் சென்னையிலேயே முடிக்க வேண்டியவை

1930-ல் தொடங்கிய மெட்ராஸ் ஃபிளையிங் கிளப் பல தலைமுறை விமானிகளை மீனம்பாக்கத்தில் பழக்கியது. இன்று அந்த ஓடுதளங்களில் ஜெட் விமானங்களுக்கே இடம் போதவில்லை. கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் (சி.பி.எல்.) வாங்க நினைக்கும் மயிலாப்பூர், தி.நகர் பிள்ளைகள் பெரும்பாலும் மைசூரு, மகாராஷ்டிரத்தின் கோந்தியா, உத்தரப் பிரதேசத்தின் ஃபுர்சத்கஞ்ச் என்று வெளியூர் விமானப் பயிற்சிப் பள்ளிகளுக்குப் போகிறார்கள். ஆனால் பாதி வேலையை வீட்டிலிருந்தே முடிக்கலாம். முடித்துவிட்டுத்தான் பெட்டி கட்ட வேண்டும்.

முதலில் மெடிக்கல். விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டி.ஜி.சி.ஏ.) அங்கீகரித்த மருத்துவரிடம் கிளாஸ் 2, அடுத்து கிளாஸ் 1. முதல்முறை கிளாஸ் 1 எடுப்பவர்கள் பெங்களூரில் உள்ள விமானப்படை மருத்துவ நிலையம் போன்ற குறிப்பிட்ட மையங்களுக்குப் போக வேண்டும். கண்ணாடி அணிவது தடையல்ல. நிறம் பிரித்தறிவதில் குறையிருந்தால் அங்கேயே நின்றுவிடலாம். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கும் பெற்றோர், கிளாஸ் 1 கைக்கு வருமுன் எந்தப் பள்ளிக்கும் பெரிய தொகை கட்டக் கூடாது.

சி.பி.எல்.லுக்குத் தேவையான இயற்பியலையும் கணிதத்தையும் பிளஸ் டூவில் படிக்காதவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக அவற்றை எழுதிக்கொள்ளலாம்.

அடுத்து தேர்வுகள். டி.ஜி.சி.ஏ.வில் தேர்வுப் பதிவு எண்ணான கம்ப்யூட்டர் நம்பர் வாங்கி, ரெகுலேஷன்ஸ், மெட்டியராலஜி, நேவிகேஷன், டெக்னிக்கல் தாள்களை எழுத வேண்டும். ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி. வானொலித் தொடர்புக்கான ஆர்.டி.ஆர். தேர்வு தனி. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுதப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் நேவிகேஷனில் தடுக்கி விழுகிறார்கள். கணக்குகளில் கை பழக மாதக்கணக்கில் தினப் பயிற்சி வேண்டும் என்பதால் அதை முதல் நாளே தொடங்கி, கடைசியில் எழுதுவது நல்லது. மெட்டியராலஜிக்கு அடையாறு மாணவருக்கு வாசலிலேயே பாடம் இருக்கிறது: கோடையில் கடற்காற்று நுழைந்ததும் காற்றின் திசை எப்படி மாறுகிறது, ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை ஏன் கடலோரத்தை நனைக்கிறது என்று கவனித்துக் குறித்து வைக்கலாம்.

பள்ளியில் சேர்ந்தபின் வேகத்தைத் தீர்மானிப்பது வானிலையும் விமானங்களின் எண்ணிக்கையும்தான். ஆகவே சேருமுன் கேட்க வேண்டிய கேள்வி: எத்தனை மாணவர்களுக்கு எத்தனை விமானங்கள் பறக்கும் நிலையில் இருக்கின்றன? தென்மேற்குப் பருவமழை கோந்தியாவை முடக்கும். ஃபுர்சத்கஞ்சுக்குக் குளிர்கால மூடுபனி.

ஓடுதளத்தைச் சுற்றிச் சுற்றி சர்க்யூட் அடித்து இறங்கப் பழகி, பயிற்றுநர் இல்லாமல் முதல் சோலோ போவதுதான் முதல் படி. அதற்கு அவசரப்பட வேண்டியதில்லை. பக்கத்து மாணவர் முன்னதாகப் போனதற்காக மனம் நோவதிலும் அர்த்தமில்லை. இறங்கும் கை சீராக வரும் காலம் ஆளுக்கு ஆள் வேறு. மாறாக, வாரக்கணக்கில் பறக்காமல் இருப்பது உண்மையான நஷ்டம். விட்ட பழக்கத்தை மீட்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் காசு தனி.

சி.பி.எல்.லுக்கு மொத்தம் 200 மணி நேரம். அதில் 100 மணி தானே விமானத்தை வழிநடத்தியதாக இருக்க வேண்டும். ஊர் விட்டு ஊர் பறக்கும் கிராஸ் கன்ட்ரி 20 மணி. அதில் ஒரு பயணம் 300 கடல்மைல், ஏறத்தாழ 555 கிலோமீட்டர், நடுவே வேறு இரண்டு நிலையங்களில் இறங்க வேண்டும். கருவிகளை மட்டுமே பார்த்துப் பறப்பது 10 மணி, இரவில் 5 மணி.

இங்கேதான் பலருக்கு அடி விழுகிறது. அந்த 100 மணியில் குறைந்தது 15 மணி, விண்ணப்பத்துக்கு முந்தைய 6 மாதத்துக்குள் பறந்ததாக இருக்க வேண்டும். 200 மணியை முடித்துவிட்டு ஒரு தாளுக்காகக் காத்திருப்பவர் அந்தக் கெடு தாண்டினால் மறுபடி காசு கட்டிப் பறக்க வேண்டும். தாள்களின் தேர்ச்சியோ 5 ஆண்டுகள் செல்லும். எனவே தாள்களை முதலில் முடிப்பவருக்கே லாபம்.

லைசென்ஸ் வந்ததும் வேலை வந்துவிடாது. ஏர்பஸ் 320, போயிங் 737 போன்ற ஒரு ரகத்துக்கான டைப் ரேட்டிங்குக்குப் பல லட்சம் தேவை. எந்த நிறுவனம் எந்த ரகத்துக்கு ஆள் எடுக்கிறது என்று பார்த்தபிறகே அதில் இறங்க வேண்டும். கேப்டன் இருக்கைக்கான ஏ.டி.பி.எல். லைசென்ஸுக்கு 21 வயதும் 1,500 மணி நேரமும் வேண்டும். அந்த மணிகளில் பெரும்பகுதி, துணை விமானியாகச் சம்பளம் வாங்கிக்கொண்டே சேர்வது.