பன்னிரண்டு படுக்கைகள்

புற்றுநோய் என்ற பெயரைக் கேட்டாலே மனம் பதறும். அந்தக் காலத்தில் பயம் இன்னும் அதிகம். "இந்த நோய் வந்தால் சாவுதான். இதற்கு எதற்குத் தனி ஆஸ்பத்திரி?" என்று கேட்டார்கள். படித்தவர்களும் அப்படித்தான் கேட்டார்கள்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அப்படி நினைக்கவில்லை. அவர் 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து 1912-இல் டாக்டர் ஆனார். அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். அக்கா டாக்டராக இருந்தும் தங்கையைக் காப்பாற்ற முடியவில்லை. இந்த நோய்க்கு ஒரு மருத்துவமனை வேண்டும் என்று அவர் உறுதி கொண்டார்.

பணத்துக்கு எங்கே போவது? இந்திய மாதர் சங்கம் துணை நின்றது. சங்கத்துப் பெண்கள் நிதி திரட்டினார்கள். மக்கள் நன்கொடை கொடுத்தார்கள். 1952-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-இல் சென்னை அடையாற்றில் மருத்துவமனை திறந்தது.

அப்போது அங்கே இருந்தவை 12 படுக்கைகள்தான். முத்துலட்சுமியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதை வளர்த்தார். 1955-இல் டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார். 2021-இல் இறக்கும் வரை அதற்காகவே வாழ்ந்தார். இன்று அங்கே நூற்றுக்கணக்கான படுக்கைகள் உள்ளன. ஏழைகளுக்கு இலவசமாகவும் குறைந்த கட்டணத்திலும் சிகிச்சை தருகிறார்கள்.

சிறு துளி பெருவெள்ளம். இதை நம் தெருவிலும் செய்யலாம்.

சிகிச்சைச் செலவுக்கு அரசின் காப்பீட்டுத் திட்டம் உதவும். ஆனால் பஸ் செலவு இருக்கிறது. சாப்பாட்டுச் செலவு இருக்கிறது. கூடப் போகிறவருக்குக் கூலி போய்விடும். பணம் இல்லாமல் சிகிச்சையைப் பாதியில் விட்டவர்கள் உண்டு. பாதியில் விட்டால் நோய் மீண்டும் தலை தூக்கும்.

நம் தெருவில் 40 வீடுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு மாதம் 20 ரூபாய் போட்டால் 800 ரூபாய் சேரும். ஓர் ஆண்டில் 9,600 ரூபாய் ஆகும். ஒரு நோயாளி பலமுறை ஆஸ்பத்திரிக்குப் போய்வர இது உதவும்.

பொதுப் பணத்துக்குக் கணக்கு முக்கியம். வரவையும் செலவையும் நோட்டில் எழுதுங்கள். பணம் கொடுத்தவருக்கு ரசீது கொடுங்கள். மாதம் ஒருமுறை எல்லோர் முன்னும் கணக்கைப் படியுங்கள். எழுதப் படிக்கக் கற்ற நீங்களே இதைச் செய்யலாம்.

இன்னொன்றும் மறக்க வேண்டாம். மார்பில் கட்டி, வாயில் ஆறாத புண், மாதவிலக்கு நின்ற பின் ரத்தப்போக்கு ஆகியவை இருந்தால் உடனே டாக்டரைப் பாருங்கள். எல்லாக் கட்டியும் புற்றுநோய் அல்ல. ஆனால் தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் பல புற்றுநோய்களைக் குணப்படுத்தலாம். புகையிலையை இன்றே விடுங்கள்.

பயிற்சி

1. அடையாறு மருத்துவமனை எத்தனை படுக்கைகளுடன் தொடங்கியது?
2. 25 வீடுகள் மாதம் 10 ரூபாய் வீதம் கொடுத்தால் ஓர் ஆண்டில் எவ்வளவு சேரும்?
3. உங்கள் தெருவில் கணக்கு எழுத யாரைத் தேர்ந்தெடுப்பீர்கள்? ஏன்? கூடிப் பேசுங்கள்.