இருளில் சைக்கிள்: காண்பதும் காணப்படுவதும்

மாலைக் கூட்டத்தை முடித்துக்கொண்டு அடுத்த கிராமத்திலிருந்து சைக்கிளில் திரும்பும் களப்பணியாளருக்கு, எதிரே வரும் லாரியின் விளக்கு அரை கிலோமீட்டருக்கு அப்பாலேயே தெரிகிறது. ஆகவே லாரி ஓட்டுநரும் தம்மைக் கண்டிருப்பார் என்று அவர் எண்ணுகிறார். ஆபத்து இவ்வெண்ணத்திலிருந்தே தொடங்குகிறது. இருளில் இருப்பவர் ஒளியைக் காண்பது எளிது. ஒளியின் பின்னால் இருப்பவர் இருளில் உள்ளவரைக் காண்பது எளிதன்று. சவாரி செய்பவர்கள் தாம் பிறர் கண்ணுக்குத் தெரியும் அளவை மிகைப்படுத்தியே மதிப்பிடுகின்றனர் என்பதை ஆஸ்திரேலியாவில் நடைபெற்ற ஆய்வுகளும் காட்டியுள்ளன.

இதனைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் ஒரு பொருளைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒன்றரை விநாடி ஆகுமெனக் கொண்டால், அதற்குள் 25 மீட்டர் கழிந்துவிடும். அதன்பின் வண்டி நிற்பதற்கு, உலர்ந்த சாலையிலும் 20 மீட்டருக்கு மேல் வேண்டும். பாரம் ஏற்றிய லாரிக்கு இன்னும் மிகுதி. தாழ்த்திய முன்விளக்கின் ஒளியிலோ, கருநிற ஆடை அணிந்தவர் பெரும்பாலும் 30 மீட்டர் அளவில் நெருங்கிய பின்னரே புலப்படுகிறார். கணக்கு எங்கே இடிக்கிறது என்பதை வகுப்பில் மாணவர்களே கூறிவிடுவர்.

எனவே சைக்கிள் விளக்கிற்கு இரண்டு கடமைகள் உண்டு: வழியைக் காட்டுவது ஒன்று, வருபவரைக் காட்டுவது மற்றொன்று. தெருவிளக்குள்ள நகரத்தில் பின்னதே முக்கியம். விளக்கற்ற சாலையில் பள்ளமும் மணற்குவியலும் படுத்திருக்கும் மாடும் தெரியவேண்டும். இதற்கு ஒளிக்கற்றை எட்டுப் பத்து மீட்டருக்கு முன்னால் தரையில் விழுமாறு விளக்கைச் சாய்த்து அமைத்தல் நன்று. இக்காலத்து எல்.இ.டி. விளக்குகளை நேர் எதிரே நோக்கி வைத்துவிடுவோர் உளர். இருளுக்கு முற்றிலும் பழக மனிதக் கண்ணுக்கு அரைமணி நேரம் வேண்டியிருக்கிறது. அப்பழக்கத்தைக் கூசும் ஒளி ஒரு கணத்தில் கெடுத்துவிடும். எதிரே வருபவர் குருடாகிப்போவதால் யாருக்கும் பாதுகாப்பு இல்லை.

டயரை உரசிச் சுழலும் டைனமோவைச் சற்று விரிவாகவே நோக்கலாம். அதனுள் ஒரு நிலைக்காந்தம் சுழல்வதால் கம்பிச்சுருளில் மாறுதிசை மின்சாரம் பிறக்கிறது. 6 வோல்ட், 3 வாட் என்பது வழக்கமான அளவு. வேகம் கூடினால் மின்னழுத்தமும் கூடுமே, அப்படியாயின் இறக்கத்தில் விரைந்து செல்லும்போது பல்பு கருகிவிடாதா என்று மாணவர் கேட்கக்கூடும். காந்தம் விரைந்து சுழலச் சுழல மின்சாரத்தின் அதிர்வெண்ணும் உயர்கிறது. அதனுடன் கம்பிச்சுருள் அம்மின்னோட்டத்திற்குத் தரும் தடையும் உயர்கிறது. ஒன்றை மற்றொன்று ஈடுசெய்வதால் மின்னோட்டம் அரை ஆம்பியரை ஒட்டியே நிற்கிறது. தன்தூண்டல் பாடத்திற்கு இதைவிடக் கைக்கெட்டிய சான்று கிடைப்பது அரிது.

இந்த ஏற்பாட்டில் ஒரு சூழ்ச்சியும் ஒளிந்துள்ளது. இழைபல்புகள் கொண்ட சைக்கிளில் பின்பல்பு பழுதானால், அதற்குரிய மின்னோட்டமும் முன்பல்பின் வழியே பாய்ந்து, முன்விளக்கு முன்னிலும் பிரகாசமாக எரியும். சவாரி செய்பவர் மகிழ்கிறார். பின்னால் வருபவர் கண்ணுக்கோ அவர் மறைந்துவிட்டார். நாளடைவில் முன்பல்பும் கருகும். மேலும், சக்கரம் நின்றால் டைனமோவும் நின்றுவிடும். வலப்புறம் திரும்புவதற்காகச் சாலை நடுவே காத்து நிற்கும் அந்த வேளையில்தான் சைக்கிள் இருளில் மூழ்குகிறது. ஓடும்போது சிறிது மின்னூட்டத்தைச் சேமித்து, நின்றபின் சில நிமிடங்கள் ஒளிதரும் மின்தேக்கி பொருத்திய பின்விளக்குகள் இக்குறையைப் போக்குகின்றன. மின்கலத்தால் எரியும் விளக்கிற்கு இத்தொல்லை இல்லை. மின்கலம் தீர்வதை மறந்துவிடும் தொல்லை உண்டு.

முன்னாளில் நம் நகரங்கள் பலவற்றில் விளக்கின்றி இரவில் செல்வோரைக் காவலர் நிறுத்தி அபராதம் விதிப்பதுண்டு. இன்று பலர் மட்கார்டில் உள்ள சிவப்புப் பிரதிபலிப்பானையே நம்பிச் செல்கின்றனர். அது சாதாரணக் கண்ணாடி அன்று. ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று தளங்கள் கூடும் நுண்ணிய மூலைகள் அதன் உட்புறம் நிறைந்துள்ளன. அங்கே படும் ஒளி மூன்று முறை திரும்பி, வந்த திசையிலேயே மீளும். 2023 ஆகஸ்டில் நிலவில் இறங்கிய சந்திரயான்-3 இன் விக்ரம் கலத்திலும் இதே தத்துவத்தில் அமைந்த சிறு பிரதிபலிப்பான் உண்டு. அவ்வாண்டு டிசம்பரில் நிலவைச் சுற்றும் அமெரிக்கக் கலம் ஒன்றின் லேசர் ஒளி அதில் பட்டுத் திரும்பியது. சைக்கிளுக்குரிய பிரதிபலிப்பான்கள் இந்திய தரத்திற்கு ஒத்திருக்கவேண்டும் என மத்திய அரசு 2020-ல் ஆணை பிறப்பித்தது.

பள்ளி மைதானத்தில் இருட்டிய பின் ஒரு சோதனை செய்யலாம். ஒருவர் ஐம்பது மீட்டர் தொலைவில் பிரதிபலிப்பானைப் பிடித்து நிற்க, மற்றவர் டார்ச் விளக்கைக் கண்ணருகே வைத்து அடித்தால் அது சுடர்விடும். டார்ச்சைக் கைநீளத்திற்கு விலக்கினால், அதே ஒளி அதன்மேல் விழுந்தும் அது மங்கிவிடும். பக்கத்துச் சந்திலிருந்து திரும்பும் வண்டியின் விளக்கு அதன்மேல் படாதவரை அது சற்றும் ஒளிராது என்பதும் இதிலிருந்தே விளங்கும். பிரதிபலிப்பான் விளக்கிற்குத் துணை, மாற்று அன்று.

பெடல்களில் உள்ள பிரதிபலிப்பான்களுக்குத் தனிச் சிறப்பு உண்டு. மூட்டுகளில் பொருத்திய சில ஒளிப்புள்ளிகள் அசைவதைக் கண்டே, செல்வது மனிதன் என்று கண் உடனே அறிந்துகொள்ளும் என்பதை ஸ்வீடன் நாட்டு உளவியலறிஞர் குன்னர் யோஹான்சன் 1973-ல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். ஆதலால் கணுக்கால்களில் கட்டும் ஒளிதிருப்பும் பட்டைகள், முதுகில் அணியும் அசையாத பட்டையினும் விரைவாக உண்மையை உணர்த்தும். பகலில் பளிச்சிடும் மஞ்சள் சட்டை இரவுக்கும் போதும் என்பது தவறு. அந்நிறம் சூரிய ஒளியிலுள்ள புறஊதாக் கதிரால் மிளிர்வது, வண்டி விளக்கில் அவ்வளவாக மிளிராது.

பின்விளக்கு எரிகிறதா என்பதைச் சவாரியின்போது காண இயலாது. ஆகவே புறப்படுமுன் பின்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றியோ, விசையைத் தட்டியோ பார்த்துக்கொள்வது வழக்கமாகவேண்டும். பிரதிபலிப்பானின்மேல் படியும் சேற்றை ஈரத்துணியால் துடைக்கலாம். கேரியரில் மூட்டையோ புல்கட்டோ ஏற்றினால் பின்விளக்கும் பிரதிபலிப்பானும் அதனடியில் மறைந்துபோகும். அந்நாட்களில் இன்னொரு பின்விளக்கைச் சுமையின் வெளிப்புறத்திலேயே கட்டிவிடுதல் வேண்டும்.