மாத்திரையால் கூடும் எடை: உணவாலும் நடையாலும் கட்டுப்படுத்துவோம்

மனநோய்க்கு மருந்து தொடங்கிய இரண்டு மூன்று மாதங்களில் பெற்றோர் பலர் எம்மிடம் கூறுவது இது: "குரல் கேட்பது நின்றுவிட்டது, நன்றாகத் தூங்குகிறான். ஆனால் பழைய சட்டை ஒன்றும் சேரவில்லை, டாக்டர்." இதைச் சொல்லத் தயங்கும் சிலர் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுகின்றனர். பின்னர் நோய் திரும்பி, முன்னிலும் கடுமையான நிலையில் வருகின்றனர். எடைக்கு அஞ்சி மருந்தை நிறுத்த வேண்டியதில்லை. மருந்தைத் தொடர்ந்துகொண்டே எடையைக் கட்டுக்குள் வைக்க இயலும்.

எடை கூடுவது ஏன்?

மூளையில் பசியையும் வயிறு நிறைந்த உணர்வையும் ஒழுங்குபடுத்தும் சில ஹிஸ்டமின், செரோட்டோனின் ஏற்பிகளை இம்மருந்துகள் தடுக்கின்றன. அதனால் உண்டு முடித்த சிறிது நேரத்திலேயே மீண்டும் பசிக்கிறது. ஓலன்சபின், குளோசபின் ஆகியவற்றால் எடை அதிகம் கூடும். ரிஸ்பெரிடோன், குவெட்டியபின் நடுத்தரம். அரிபிப்ரசோலால் பொதுவாகக் குறைவு. இது மருந்து உண்டாக்கும் பசி என்பதைக் குடும்பத்தினர் உணர வேண்டும். கடிந்துகொண்டால் நோயாளி மறைத்து உண்ணத் தொடங்குவார்.

அளந்து பாருங்கள்

முதல் சில மாதங்களில்தான் எடை வேகமாக ஏறும். ஆகவே மருந்து தொடங்கும் நாளிலேயே எடையையும் இடுப்புச் சுற்றளவையும் குறித்துவைத்து, வாரம் ஒருமுறை எடை பாருங்கள். இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களில் 90 செ.மீ., பெண்களில் 80 செ.மீ. வரை இருக்கலாம். தொடக்க எடையில் 5 விழுக்காடு கூடினால், அதாவது 60 கிலோ 63 ஆனால், அடுத்த முறை வரும்வரை காத்திராமல் தெரிவியுங்கள். இரத்தச் சர்க்கரையையும் கொழுப்பையும் தொடக்கத்திலும், மூன்றாம் மாதத்திலும், பின்னர் ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும்.

உணவு

முதலில் குடிப்பதைக் கவனியுங்கள். சில மருந்துகளால் வாய் உலர்வதால், தாகத்துக்குக் குளிர்பானமும் தேநீரும் அடிக்கடி உள்ளே செல்கின்றன. இரண்டு கரண்டி சர்க்கரையிட்ட தேநீர் நாளொன்றுக்கு நான்கு என்றால் ஏறத்தாழ 40 கிராம் சர்க்கரை. தண்ணீர், நீர்மோர், சர்க்கரையில்லாத எலுமிச்சைச் சாறு ஆகியவை போதும்.

தட்டில் பாதி பொரியல், கூட்டு, கீரை. கால் பங்கு சோறு. கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை அல்லது மீன். சோற்றை அளந்து தட்டில் இட்டபின் பாத்திரத்தை அடுக்களைக்கு எடுத்துச் சென்றுவிடுங்கள். இரவுப் பசிக்கு வெள்ளரியும் சுண்டலும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். மிக்சரும் பிஸ்கட்டும் வீட்டுக்குள் வராதிருப்பதே நல்லது. அவருக்கு மட்டும் பத்தியம் வைக்காமல் வீட்டார் அனைவரும் இதையே உண்ணுங்கள். பட்டினி வேண்டாம், அது அடுத்த வேளைப் பசியைப் பெருக்கும். குளோசபின் உட்கொள்வோருக்கு மலச்சிக்கல் ஆபத்தாகலாம். காய்கறியும் தண்ணீரும் உதவும், ஆயினும் மலச்சிக்கல் நீடித்தால் உடனே தெரிவியுங்கள்.

நடை

வாரத்துக்கு 150 நிமிடங்கள் இலக்கு. தொடக்கத்தில் உணவுக்குப் பின் பத்து நிமிடம் நடந்தாலே போதும். இரவு மாத்திரையின் மயக்கத்தால் காலையில் எழ முடியாதவரை அதட்டி எழுப்ப வேண்டாம். மாலையில் கொட்டிவாக்கம் கடற்கரைக்கு உடன் அழைத்துச் செல்லுங்கள். "போய் நடந்துவிட்டு வா" என்பதைவிட "வா, நடக்கலாம்" என்பது பலன் தரும். இம்மருந்துகள் உடல் வெப்பத்தைத் தணிக்கும் ஆற்றலைக் குறைக்கக்கூடும்; கோடையில் நண்பகல் வெயிலில் நடப்பதைத் தவிர்த்து, தண்ணீர்ப் புட்டியை உடன் வைத்திருங்கள்.

இவ்வளவும் செய்தும் எடை ஏறினால், அது உங்கள் தோல்வியன்று. மருந்தின் அளவை மாற்றலாம், வேறு மருந்துக்குப் படிப்படியாக மாறலாம், தேவையெனில் மெட்பார்மின் சேர்க்கலாம். இம்முடிவுகளை மருத்துவருடன் பேசியே எடுக்க வேண்டும். அடுத்த முறை வரும்போது எடை குறித்த தாளைக் கொண்டுவாருங்கள். அதைப் பார்த்துச் சேர்ந்து முடிவெடுப்போம்.