கவனக் குறைவும் இணைய மோகமும்: எது முந்தியது?



ஆலோசனைக்கு வரும் பெற்றோர் பலர், "பையன் எந்நேரமும் கைப்பேசியும் கையுமாக இருக்கிறான், புத்தகத்தை எடுத்தால் பத்து நிமிடம்கூட மனம் நிற்பதில்லை" என்று வருந்துகிறார்கள். கைப்பேசிதான் கவனத்தைக் கெடுத்தது என்று நாமும் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். சற்று நிதானித்து, எது முந்தியது என்று பார்ப்போம். இரண்டு ஆய்வுகள் நமக்கு உதவியாயிருக்கின்றன.

முதலாவது ஆய்வு தென் தைவானில் நடந்து, 2009-ஆம் ஆண்டில் வெளியானது. அங்கே பத்துப் பள்ளிகளைச் சேர்ந்த 2,293 மாணவ மாணவியரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். கவனக் குறைவும் மிகைத்துடிப்பும், மனச்சோர்வு, பிறரோடு பழக அச்சம், பகையுணர்வு ஆகியவை முன்பே காணப்பட்ட பிள்ளைகள் பின்னர் இணையத்துக்கு அடிமையாகும் வாய்ப்பு அதிகமாயிருந்தது. இங்கே உள்ளத்தின் தொல்லை முந்தியது; இணையம் பிந்தியது.

இரண்டாவது ஆய்வு அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் நடந்து, 2018-இல் வெளியானது. கவனக் குறைவின் அறிகுறிகள் இல்லாத, 15, 16 வயதுள்ள 2,587 பேரை இரண்டு ஆண்டுகள் கவனித்தார்கள். சமூக ஊடகம், காணொளி, விளையாட்டு போன்ற 14 வகைகளில் எதையும் அடிக்கடி நாடாதவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு அறிகுறிகள் தோன்றின. பதினான்கையும் அடிக்கடி நாடியவர்களில் அது 10.5 விழுக்காடு. தொடர்பு உண்டு, ஆனால் இணையமே காரணம் என்பதற்கு இது முடிவான சான்று அல்ல. மிகுதியாகப் பயன்படுத்தியவர்களிலும் பெரும்பாலோருக்கு அறிகுறி வரவில்லை என்பதையும் மறக்கலாகாது.

ஆகவே இது இருவழிப் பாதையாக இருக்கக்கூடும். காத்திருக்க இயலாத பிள்ளைக்குத் திரை உடனுக்குடன் புதுமையைத் தருகிறது. அதிலேயே பழகியவனுக்குப் பாடப்புத்தகம் மேலும் சுமையாகிறது. இரவில் தூக்கமும் கெட்டால், மறுநாள் வகுப்பில் மனம் எப்படி நிற்கும்?

பெற்றோர் செய்யவேண்டியது என்ன?

1. கைப்பேசி கைக்கு வருமுன்பே, சிறு வயதிலேயே இந்தத் தொல்லை இருந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். கவனக் குறைவுக் கோளாறின் அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் கொள்ளும் விதி. தொடக்கப்பள்ளி ஆசிரியரையும் விசாரியுங்கள்.

2. இருந்ததென்றால், "சோம்பேறி" என்று திட்டாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இது சிகிச்சையுள்ள கோளாறு. கைப்பேசியைப் பிடுங்குவதால் மட்டும் இது தீராது. சிகிச்சைக்குரிய காலமும் வீணாகும்.

3. மனச்சோர்வோ அச்சமோ தெரிந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

4. இரவில் எல்லாருடைய கைப்பேசிகளும் படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும். அப்பாவுடையதும் அம்மாவுடையதும் அதில் சேரும்.

பிள்ளையைக் கடிந்துகொள்ளுமுன் அவனுடைய தொல்லை இன்னதென்று அறிந்துகொள்வோம்.