மாதவிடாய் நின்ற பின் இதயம்

மாரடைப்பு ஆண்களின் நோய் என்ற எண்ணம் எம்மவரிடையே இன்னும் இருக்கிறது. பெண்களுக்கு இது சராசரியாக 7 முதல் 10 ஆண்டுகள் பிந்தியே வருகிறது என்பது உண்மைதான். பிந்தி வருகிறதே தவிர, வராமல் விடுவதில்லை. இந்தத் தாமதத்தில் ஈஸ்ரோஜன் என்னும் பெண் ஓமோனுக்குப் பெரும் பங்கு உண்டு.

எமது குருதிக் குழாய்களின் உட்புறத்தை ஒரேயொரு கல அடுக்கு மூடியிருக்கிறது. அகவணி என்பது அதன் பெயர். ஈஸ்ரோஜன் இக்கலங்களில் உள்ள ஏற்பிகளுடன் இணைந்ததும், சில நிமிடங்களிலேயே அவை நைத்திரிக் ஒட்சைட்டு என்னும் வாயுவைக் கூடுதலாக வெளிவிடுகின்றன. உடனே சுற்றியுள்ள தசை தளர்ந்து குழாய் விரிகிறது. குருதிச் சிறுதட்டுகள் சுவரில் ஒட்டிக்கொள்வதும் குறைகிறது. (குருதிக் குழாய்களில் இந்த வாயு செய்யும் வேலையைக் கண்டறிந்த மூவருக்கு 1998 இல் நோபல் பரிசு கிடைத்தது.) ஈரலில் இதே ஓமோன் கெட்ட கொலஸ்ரரோலைக் குறைத்து நல்லதைக் கூட்டுகிறது. மாதவிடாய் நின்றதும் இவையெல்லாம் தளர்ந்துவிடுகின்றன.

அப்படியானால் ஓமோன் மாத்திரை எடுத்தால் போதாதா? வைத்தியர்களும் ஒருகாலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். அமெரிக்காவில் 16,608 பெண்களிடம் நடந்த ஆய்வு 2002 இல் இடையில் நிறுத்தப்பட்டது. ஈஸ்ரோஜனும் புரொஜெஸ்ரினும் சேர்ந்த மாத்திரையை எடுத்தவர்களிடம் மாரடைப்பும் பக்கவாதமும் மார்புப் புற்றும் கூடியிருந்தன. ஆனால் அவர்களின் சராசரி வயது 63. ஏற்கெனவே கொழுப்புப் படிந்து இறுகிய குழாயில் ஈஸ்ரோஜன் முன்போல் வேலை செய்வதில்லை. 2016 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மாதவிடாய் நின்று 6 ஆண்டுகளுக்குள் ஈஸ்ரோஜன் தொடங்கியவர்களின் கழுத்து நாடிச் சுவர் தடிப்பது மெதுவானது. 10 ஆண்டுகள் கடந்தபின் தொடங்கியவர்களில் அந்தப் பயன் தெரியவில்லை. எனவே இதயத்தைக் காப்பதற்காக மட்டும் ஓமோன் எடுக்கும்படி இன்று சொல்லப்படுவதில்லை. உடற்சூடு, வியர்வை, தூக்கமின்மை போன்ற தொல்லைகளுக்கு எடுப்பது வேறு விடயம். அதை வைத்தியருடன் பேசலாம்.

45 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றவர்களும், சத்திரசிகிச்சையில் இரு சூலகங்களையும் இழந்தவர்களும்தான் கூடிய கவனம் எடுக்க வேண்டும். இவர்கள் அந்தப் பாதுகாப்பைப் பல ஆண்டுகள் முன்னதாகவே இழக்கிறார்கள். மார்புப் புற்று போன்ற தடை ஏதும் இல்லாவிட்டால், மாதவிடாய் இயல்பாக நிற்கும் வயதுவரை இவர்களுக்கு ஓமோன் கொடுப்பது வழக்கம். தெற்காசியர்களுக்கு இதய நோயும் நீரிழிவும் இளவயதிலேயே வருவதையும் இத்துடன் சேர்த்துப் பாருங்கள்.

ஊரில் செய்த சத்திரசிகிச்சை இங்குள்ள குடும்ப வைத்தியரின் கோப்பில் பெரும்பாலும் இருப்பதில்லை. "கர்ப்பப்பை எடுத்தது" என்று மட்டும் சொல்லிவிடுகிறோம். சூலகங்களும் எடுக்கப்பட்டனவா என்பது பலருக்குத் தெரியாது. வைத்தியசாலை தந்த அட்டை வீட்டில் இருந்தால் தேடி எடுத்து, அடுத்த முறை குருதி அமுக்கம் பார்க்கப் போகும்போது கையோடு கொண்டு போங்கள்.