பட்டியலில் இருந்தால் நல்ல ஜர்னலா?

ராஜபாளையம் கல்லூரிகளிலும் ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் பல்கலைக்கழகத்திலும் ஆய்வு செய்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆண்டுக்கணக்கான உழைப்பு தவறான இடத்தில் போய் விழுவது எனக்குத் தாங்கவில்லை.

நம்பிக்கை: யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) பட்டியலில் இருந்தால் பயமில்லை.

உண்மை: 2018 மே மாதத்தில் யுஜிசி தன் பட்டியலிலிருந்து 4,305 ஜர்னல்களை ஒரே வீச்சில் நீக்கியது. அவற்றில் கட்டுரை வெளியிட்டிருந்தவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். அந்தப் பட்டியலுக்குப் பதிலாக 2019இல் வந்த கேர் பட்டியலையும் 2025 பிப்ரவரியில் கைவிட்டார்கள். ஜர்னலை எடைபோடும் பொறுப்பு இப்போது கல்வி நிறுவனத்துக்கும் நமக்கும்தான்.

நம்பிக்கை: ஐ.எஸ்.எஸ்.என். எண் தரச் சான்று.

உண்மை: இல்லை. அது வெறும் அடையாள எண். மோசமான ஜர்னலுக்கும் கிடைக்கும்.

நம்பிக்கை: பணம் கேட்டால் போலி.

உண்மை: பிளாஸ் ஒன் போன்ற மதிப்புள்ள ஜர்னல்களும் கட்டணம் வாங்குகின்றன. கட்டுரையை நிஜமாகவே யாராவது படித்து மதிப்பிடுகிறார்களா என்பதுதான் கேள்வி. ஜான் பொஹானன் என்ற பத்திரிகையாளர் வேண்டுமென்றே பிழைகள் நிறைந்த போலிக் கட்டுரையை 304 ஜர்னல்களுக்கு அனுப்பிச் சோதித்தார்; 157 ஏற்றுக்கொண்டன. முடிவு 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. இரண்டே நாளில் ஏற்புக் கடிதம் வந்தால் மகிழாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

நம்பிக்கை: இம்பாக்ட் ஃபேக்டர் கூடுதலாக இருப்பதே பொருத்தமான ஜர்னல்.

உண்மை: அந்த எண், ஒரு ஜர்னலின் முந்தைய இரண்டு ஆண்டுக் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதைச் சொல்கிறது. உங்கள் கட்டுரையை யார் படிப்பார்கள் என்பதை அது சொல்லாது. ஸ்ரீவில்லிபுத்தூர் அருகே செண்பகத்தோப்பில் சாம்பல் நிற அணிலின் கூடுகளை ஒருவர் ஆராய்கிறார் என்று வையுங்கள். அந்த அணிலுக்காகவே 1988இல் இங்கே சரணாலயம் அமைந்தது. 2021 முதல் அது புலிகள் காப்பகத்தின் பகுதி. அந்த முடிவுகள் வனத்துறையினர் கைக்கும் போய்ச் சேர வேண்டாமா? கோயம்புத்தூரிலிருந்து வரும் ‘ஜர்னல் ஆஃப் த்ரெட்டன்ட் டாக்ஸா’வை எவரும் காசில்லாமல் படிக்கலாம். என்னைக் கேட்டால் முதலில் அங்கேதான் அனுப்பச் சொல்வேன்.

அப்படியானால் ஜர்னலை எப்படித் தேர்ந்தெடுப்பது? உங்கள் கட்டுரையின் மேற்கோள் பட்டியலை எடுத்துப் பாருங்கள். திரும்பத் திரும்ப வரும் ஜர்னல்களே உங்கள் வாசகர்கள் இருக்கும் இடம். அவற்றில் ஒன்றுக்கு மட்டும் அனுப்புங்கள். பதில் வரும்வரை இன்னொன்றுக்கு அனுப்புவது நெறிமீறல்.