அடி தாங்கும் கற்காரை

ஜோர்ஜ் டவுன் கடலோரத்தில் புதுக் கட்டடம் எழும் முன் பைலிங் சத்தம் கேட்பதுண்டு. அங்குள்ள மென்மையான கடற்களிமண் பளுவைத் தாங்காது. எனவே கற்காரைத் தூண்களைச் சம்மட்டியால் அடித்து, கெட்டி மண் வரை இறக்குவார்கள். பைலிங் வேலை செய்த என் அப்பா, "தூணுக்குப் பக்கத்தில் நிற்கக் கூடாது, எப்போது வெடிக்கும் என்று தெரியாது" என்பார். பொறியியல் படிக்க வந்த பிறகே அதன் காரணம் எனக்குப் புரிந்தது.

ஏன் வெடிக்கிறது?

கற்காரை அமுக்கத்தைத் தாங்குவதில் கெட்டி. ஆனால், அதன் இழுவலிமை அமுக்க வலிமையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். சம்மட்டி அடித்ததும் அமுக்க அலை ஒன்று தூணில் இறங்குகிறது. அடிமுனை மென்மையான மண்ணில் இருந்தால், அது இழுப்பு அலையாகத் திரும்பி வருகிறது. அங்கேதான் விரிசல் பிறக்கிறது.

நார் என்ன செய்கிறது?

நம் முன்னோர் மண்சுவருக்கு வைக்கோல் கலந்து பிசைந்தார்கள். அதே கருத்துதான் இங்கும். முனை வளைந்த, 30 முதல் 60 மில்லிமீட்டர் நீளமுள்ள எஃகு நார்களைக் கற்காரையில் கலக்கிறோம். விரிசல் விழுந்ததும் நார்கள் அதன் இரு பக்கங்களையும் பிடித்துக்கொள்கின்றன. அவை உருவி வெளிவரும்போது ஏற்படும் உராய்வு, அடியின் ஆற்றலை உறிஞ்சுகிறது.

ஆய்வுக்கூடத்தில் பார்த்தது

4.54 கிலோகிராம் சம்மட்டியை 457 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து கற்காரை வில்லையின் மேல் மீண்டும் மீண்டும் விழச் செய்வது ஒரு சோதனை முறை. ஓர் அடியின் ஆற்றல் சுமார் 20 ஜூல். நிபோங் திபால் வளாகத்தில் நாங்கள் அதைச் செய்தோம். நாரில்லாத வில்லை, விரிசல் தெரிந்த உடனேயே பிளந்தது. நார் கலந்தது விரிசல் விழுந்த பின்னும் பல அடிகள் தாங்கியது. ஒரே கலவையில் செய்த வில்லைகளும் வேறுவேறு எண்ணிக்கை காட்டும்; ஆகவே ஒன்றிரண்டை வைத்து முடிவு கூற முடியாது.

நாருக்கும் அளவுண்டு. கன அளவில் 1 விழுக்காடு என்றாலே ஒரு கனமீட்டருக்குச் சுமார் 78 கிலோகிராம் எஃகு. அதிகமானால் நார்கள் உருண்டையாகத் திரண்டு கலவையைக் கெடுக்கும். தூணின் முதன்மைக் கம்பிகளுக்கும் அது மாற்றாகாது.

இதை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். "அப்படியென்றால் நார் போட்டால் வெடிக்காதா?" என்று கேட்டார். "வெடிக்கும் அப்பா. ஆனால் விரிசலைக் காட்டிவிட்டுத்தான் உடையும். விலகி நிற்க நேரம் கிடைக்கும்" என்றேன்.

ஆறாம் ஆண்டோடு தமிழில் அறிவியல் படிப்பது எனக்கு நின்றுபோனது. நண்பர்களே, உங்கள் துறையையும் வீட்டில் ஒருமுறை தமிழில் விளக்கிப் பாருங்கள்.